வெள்ளாங்குளத்துக் காரின் கறுப்புப் புகை

அக்காவுக்கு எட்டாம் மாதம். வெள்ளாங்குளத்திலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அப்பாவின் கார் இரண்டு தடவை நின்றுவிட்டது. வலி வரும் நாளில் நின்றால் என்ன செய்வது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் ஸ்பனர்களை எடுத்தேன்.

நானும் அக்காவும் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, மீள்குடியேற்றத்தோடு திரும்பியவர்கள். நான் அங்கே மோட்டார்த் தொழில் படித்தேன். அப்பா இங்கேயே நின்றவர். போரின் கடைசி இடம்பெயர்வில் வீட்டு வளவுக்குள் விட்டுப்போன காரை, திரும்பி வந்தபோது ரயர்கூட இல்லாமல் கண்டெடுத்து, திருத்தி ஓட்டினார். எனக்கும் அவருக்கும் அதிகம் பேச்சில்லை. கோபமும் இல்லை.

பின்குழாயில் கறுப்புப் புகை, பெற்றோல் மணம். எஞ்சினில் பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் கரி பூசியதுபோல் இருந்தது. காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் போகிறது, சந்தேகமே இல்லை. காற்று வடிகட்டியைத் துப்புரவாக்கினேன். காற்றை மறிக்கும் சோக் முழுதாகத் திறந்தது. பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் சரியான உயரத்தில்தான் நின்றது. பிளக்கைத் துடைத்துப் போட்டால் அரை மணித்தியாலம் ஓடும், பிறகு பழையபடி. அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தியாவில படிச்ச எஞ்சினியர், பிள்ளை பிறந்து நடக்கிறதுக்குள்ள முடிப்பியோ?" என்றாள் அக்கா.

மூன்றாம் நாள், காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றரை முழுதாகப் பிரித்தேன். எரிபொருளை அளந்துவிடும் சின்னப் பித்தளை ஜெற்றை வெளிச்சத்தில் பிடித்தால், அதன் துளை வட்டமாக இல்லை.

"அப்பா, இதை ஆரும் துளைச்சவையோ?"

"ஓம், நான்தான். மண்ணெண்ணெய் தடிப்பெல்லோ, சின்ன ஓட்டையால வராது."

போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இங்கே நின்றவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். என் புத்தகத்தில் இல்லை. அந்தப் பெரிய ஓட்டையால்தான் இப்போது பெற்றோல் மிஞ்சிப் போகிறது.

"ஏன் சொல்லேல்ல?"

"புகைக்கிறது பழுதெண்டு ஆருக்கடா தெரியும்? அது எப்பவும் புகைச்சதுதானே."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ் ஏறி மன்னாருக்குப் போய், ஒரு கராஜின் பழஞ்சாமான் குவியலில் அதே வகைக் காபரேற்றரைத் தேடி, துளைக்காத ஜெற்றைக் கழற்றி வந்தேன். பூட்டியதும் புகை நின்றது. ஓடவிட்டுப் பிளக்கைப் பார்த்தேன்: வெளிர் மண்ணிறம், என் புத்தகப் படத்தில் இருந்த அதே நிறம். பார்த்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

அக்காவின் கிளினிக் நாளில் மூவரும் புறப்பட்டோம். காரை ஓட்டிய அப்பா அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"புகையைக் காணேல்ல. நிண்டிட்டுதோ?"

"ஓடுது அப்பா. றோட்டைப் பாருங்கோ," என்றாள் அக்கா.

வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அக்கா இறங்கிப் போனபிறகும் அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை.

"நிப்பாட்டினா திரும்ப ஸ்ராட் வராட்டி? அவள் வரட்டும்," என்றார்.

பெற்றோல் எரிந்துகொண்டிருந்தது.