அவள் திரும்பிப் போகலாமா?

அடையாறில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை என்னுடையது. காலையிலும் மாலையிலும்தான் கூட்டம். நடுவில் கிடைக்கும் மதியங்களில் கைபேசியில் கட்டைவிரலாலேயே கதை எழுதத் தொடங்கினேன். கணவரைப் பிரிந்து சைதாப்பேட்டையில் அம்மாவோடு வந்து தங்கிய முதல் வருடம் அது. எழுதியதை ஒரு தமிழ்க் கதைச் செயலியில் போடுவேன். அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். படிப்பவர்கள் கீழே கருத்துச் சொல்லலாம்.

பெரும்பாலும் "சூப்பர்", "அருமை சகோ", ஒரு ரோஜாப்பூ. அதற்கே எனக்கு மனசு நிறைந்துவிடும். பல் வலியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் வேறு மாதிரி ஒரு கருத்து வந்தது. "கதாநாயகி பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிகிறாளே, அவளுக்கு அழுவதற்கு வீட்டில் இடம் இல்லை என்றுதானே?" எழுதியபோது எனக்கே அது தெரியாது. படித்த பிறகுதான் ஆமாம் என்று தோன்றியது. கருத்துப் போட்டவரின் முகப்புப் படத்தில் ஒரு பித்தளைச் செம்பு மட்டும் இருந்தது. அதன்பின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அந்தச் செம்பு வந்தது. நான் எதைச் சொல்லாமல் விட்டேனோ அதை மட்டும் சரியாகத் தொட்டுவிட்டுப் போகும். நான் எழுதியதே கொஞ்ச நாளில் அந்த ஒருவருக்காகத்தான் என்று ஆனது.

அவருக்கு மயிலாப்பூரில்தான் வீடு என்று தெரிந்ததும் மாடவீதிப் பக்கம் ஒரு ஹோட்டலில் காப்பி குடிக்கச் சந்தித்தோம். என்னைவிடச் சில வயது மூத்தவர். கணவர் வங்கியில் வேலை, மகள் கல்லூரியில். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை ரைட்டர் என்றார். அதற்குமுன் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. தனக்கும் எழுத ஆசை உண்டு, துணிச்சல் இல்லை என்றார். எதையும் எழுதலாம், எழுதிப் பாருங்கள் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லஸ் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் பிரிந்து வந்தாய் என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். என் கணவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒருநாள் பேச்சை நிறுத்தினார். காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சமைத்ததைத் தொடாமல் வெளியிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து, என் எதிரில் உட்கார்ந்து தின்றுவிட்டு, தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிடுவார். மாதக்கணக்கில் அப்படி. ஒரு காலையில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தேன். வந்தார். என்னைப் பார்த்தார். காலைத் தூக்கி என்னைத் தாண்டிப் போய்ப் பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, அதே மாதிரி தாண்டி வெளியே போனார். அன்றைக்குத்தான் பெட்டி கட்டினேன். அம்மாவிடம் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் சில வாரம் சந்திக்கவில்லை. வீட்டில் வேலை என்றார். பிறகு ஒரு மதியம், நான் பின்தொடரும் ஒருவர் புதிய தொடர் ஆரம்பித்திருப்பதாகச் செயலி சொன்னது. பித்தளைச் செம்பு. கடைசியில் எழுதிவிட்டார் என்று சந்தோஷமாகத் திறந்தேன். முதல் பத்தியிலேயே ஒருவன் இட்லிப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தான்.

தட்டு கழுவுவது வரை எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் வேறு. வீடு ஆதம்பாக்கத்துக்குப் போயிருந்தது. எதிரே ஒரு நோயாளி எத்தனை நேரமாகும் என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

அடுத்தடுத்த அத்தியாயங்களுக்குக் கருத்துகள் குவிந்தன. எனக்கு ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை. அவளுக்குத் திமிர் என்றார் ஒருவர். கைநீட்டாத புருஷன் கிடைத்ததே பெரிசு என்றார் இன்னொருவர். நாலு அறை விட்டால் சரியாகிவிடுவாள் என்று எழுதியவரை எனக்குத் தெரியும். என் கதைகளுக்கு வாராவாரம் ரோஜாப்பூ போடுபவர். குளியலறைக் காட்சியும் வந்தது. அதில் கணவன் ஏதோ கவலையில் இருந்தான், அவள் விழுந்து கிடந்ததைக் கவனிக்கவே இல்லை. அந்த அத்தியாயத்தின் அடியில் அக்கா ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தார்: அவள் திரும்பிப் போகலாமா? 'ஆம்' வெகுதூரம் முன்னால் இருந்தது. நான் 'இல்லை'யை அமுக்கினேன். கோடு அசையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். என் கதைகளைப் படிக்கட்டும் என்று அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். அவரோ என் கதையில் யாரும் சிரிப்பதே இல்லை என்று சொல்லிவிட்டு மற்றவர்களுடையதைப் படிக்கப் போய்விட்டார்.

"இந்தத் தொடர் படிச்சியா?" என்றார். "அந்தப் பொண்ணு பண்றது எனக்குப் புடிக்கலடி. அவன் இன்னா, அடிச்சானா, குடிச்சானா? வாய்ப்பேச்சு தெரியாத பையன், அவ்ளோதான். திரும்பிப் போவட்டும்னு நானும் அமுக்கிட்டேன்."

"அம்மா, அது நான்."

"நீ எழுதுனதா?"

"எழுதினது வேற ஆளு. அந்தப் பொண்ணு நான்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். முந்தானையில் துடைத்தபடியே நின்றார். குளியலறையில் விழுந்ததும் உண்மைதானா என்று கேட்டார். உண்மைதான், ஆனால் கதையில் இருப்பதுபோல் அவர் பார்க்காமல் போகவில்லை, பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போனார் என்றேன்.

அம்மாவின் முகம் என்னவோ ஆனது. கணவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பெத்தவகிட்ட சொல்லல. எவளோ ஒருத்திகிட்ட சொல்லிக்கீற," என்றார்.

மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டோம். அப்படிச் சாப்பிடுவது எனக்குப் பழகியதுதான், ஆனால் அம்மாவோடு அல்ல.

அக்காவை அதே ஹோட்டலில் பார்த்தேன். நான் ஆரம்பிக்கும் முன்பே, உன் கருத்துக்காகத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏன் ஒன்றுமே எழுதவில்லை என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே காத்திருந்திருக்கிறார்.

இது என் வாழ்க்கை என்றேன்.

"பேரு, ஊரு எல்லாம் மாத்திட்டேனே. யாருக்குத் தெரியப்போறது?"

"எங்கம்மா படிச்சாங்க."

ஒரு கணம் திகைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "படிச்சுட்டு என்ன சொன்னா? அழுதாளா?" என்றார்.

அந்த ஆவலை எனக்குத் தெரியும். என் கதைக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று மதியம்தோறும் நான் திறந்து பார்த்த அதே ஆவல். அதனால்தான் கோபம் உடனே வரவில்லை. அவன் பார்க்காமல் போனதாக ஏன் எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"மொதல்ல நீ சொன்னபடிதான் எழுதினேன், ரைட்டர். படிச்சுப் பார்த்தா நம்பற மாதிரி இல்லை. ஒரு மனுஷன் அப்படிப் பண்ணுவானான்னு தோணித்து."

காப்பி ஆறிப்போயிருந்தது. தொடரை எடுத்துவிடுங்கள் என்றேன். பாதியில் நிறுத்தினால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள், இப்போதுதான் நாலு பேர் தன்னைப் படிக்கிறார்கள் என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. வீட்டில் தன்னை யாரும் எதுவும் கேட்பதில்லை என்றும் சொன்னார். இரக்கப்படும் நிலையில் நான் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

தொடர் முடிந்தது. வாசகர்கள் கேட்டபடி அவள் திரும்பிப் போனாள். கணவன் வாசலில் நின்று முதல் வார்த்தை பேசினான். அதன் கீழே இதயங்களாக வந்து விழுந்தன. கடைசியில் 'என்னை எழுத வைத்த தோழிக்கு' என்று என் பக்கத்தையும் இணைத்திருந்தார். அதைப் பார்த்துப் பலர் என்னிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள். நல்ல தோழியைப் பெற்றிருக்கிறீர்கள் என்றார் ரோஜாப்பூக்காரர்.

அம்மா என்னோடு சரியாகப் பேச வெகுநாள் ஆனது. சமாதானம் பண்ணி அனுப்பிவிடலாம் என்று அதுவரை விவாகரத்துப் பேச்சையே எடுக்கவிடாதவர், ஒரு காலையில் நான் கிளம்பும்போது, வக்கீலைப் பார்க்கப் போவதானால் தானும் வருவதாகச் சொன்னார். இரண்டு பேரும் போனோம். வக்கீல் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லும்போது அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி எழுதுகிறேன், வேறு பெயரில். ரோஜாப்பூக்கள் வருகின்றன. நல்லவர்கள்தான், அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் சொல்லாமல் விட்டதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதன்பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. என் கதையை எடுத்துக்கொண்டதைவிட, அப்படிப் படித்தவரை எனக்கு இல்லாமல் செய்ததைத்தான் அக்காவிடம் என்னால் மன்னிக்க முடியவில்லை.