ஆபீஸ் டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சேலை கட்டியவர்கள் எல்லோருமே டீச்சர்தான். கூட்டிப் பெருக்குகிறவரும் டீச்சர், ஆபீசில் பேப்பர் அடுக்கும் நானும் டீச்சர். எனக்கு அது சிரிப்பு. என் பக்கத்து மேஜை ரோசலினுக்கு அப்படியில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகம் மலர்ந்து, உடனே வாடிவிடும்.

கணக்கில் பட்டம் வாங்கி பி.எட். முடித்தவள். குஜிலியம்பாறைப் பக்கமிருந்து பஸ் மாறித் திண்டுக்கல் வருவாள். "டீச்சர் போஸ்ட் காலியாகுற வரைக்குந்தான் மதிக்கா, இந்த ஆபீஸ் வேலை" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே சேர்ந்தாள். ஆயிற்று ஒன்பது வருஷம்.

முதலில் சாப்பாட்டு நேரத்திலும் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தோடுதான் இருப்பாள். பின்னம் எப்படி நடத்துவேன் தெரியுமா என்று என் முறுக்கைப் பிடுங்கி உடைத்துக் காட்டுவாள். அப்புறம் பிள்ளைகள் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வந்தது. ஆதார், ரத்த வகை, அப்பா போன் நம்பர். ஒன்று குறைந்தாலும் பெயருக்கு நேரே சிவப்பு விழும். சிவப்பே இல்லாமல் ஒரு வகுப்பை முடித்துவிட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம். புத்தகம் எந்த வருஷம் பையிலிருந்து காணாமல் போனதோ, இருவருக்குமே நினைவில்லை. ஆனால் எங்காவது பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் டைப் அடிக்கும் விரல் நின்றுவிடும். ஒரே ஒரு பீரியட் கிடைத்தால் போதும் என்று ஏங்கினாள். என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறாள்.

போன ஆடியில் ஒருநாள் கணக்கு டீச்சர் வரவில்லை. தலைமையாசிரியை சிஸ்டர் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரோசலின், ஆறு பி-க்கு நீங்களே இன்னைக்குப் பாடம் எடுங்களேன்."

எழுந்த வேகத்தில் அவள் நாற்காலி சாய்ந்தது.

"மதிக்கா, எப்படி இருக்கேன்?"

"கலெக்டர் கணக்கா இருக்க. போ தாயி."

அந்த வகுப்பு எங்களுக்கு நேர் எதிரே. நாற்பது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவள் சாக்பீஸை எடுத்தாள்.

முன்வரிசைப் பெண்ணைப் பார்த்தவள், "ஏத்தா, நீ ரத்த வகை இன்னும் தரலையே?" என்றாள். பின்வரிசைப் பையனிடம் ஆதார் கேட்டாள். ஒரு பிள்ளையிடம் தாள் வாங்கி, பெஞ்சு பெஞ்சாகக் கேட்டு எழுதிக்கொண்டே போனாள். மணி அடித்துவிட்டது.

"டீச்சர், இன்னைக்குக் கணக்கு இல்லையா?" என்றது ஒரு குரல்.

ரோசலின் திரும்பி வெறும் கரும்பலகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பாடம் நடத்த மறந்துட்டேன்க்கா" என்றாள்.