சித்தப்பா பூசிய கிணறு

நாகூர்ப் பக்கம் எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். எங்கள் பழைய வீட்டுக் கொல்லைக் கிணற்றில் மட்டும் நல்ல ஊற்று, இனிக்கும். பாகம் பிரித்தபோது அது சித்தப்பா பங்கில் விழுந்தது. தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது என்று வாய்ப்பேச்சு. அப்பாவுக்கு அது போதுமாம்.

மஸ்கட்டில் சம்பாதித்து வந்த சித்தப்பா தன் பாதியை இடித்து மாடி வீடு கட்டினார். நடுவே மதில் எழுப்பி, அதில் வைத்த கதவையும் பூட்டினார். அவர்கள் வாசல் வழியாகக் குடத்தோடு போன அம்மாவிடம் சித்தி சொன்னாள்:

"தெருவுக்கே குழாய் வந்துடுச்சே அக்கா, அதுல புடிச்சுக்கக் கூடாதா? மார்பிள் தரையெல்லாம் ஈரமாவுது."

அந்தக் குழாயில் நினைத்தபோதுதான் தண்ணீர் வரும். மூட்டுவலியோடு அம்மா வரிசையில் நின்றாள். அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

"நம்ம பக்கம் ஒரு கிணறு வெட்டுங்கப்பா" என்றேன்.

"ஒரே ஊத்து. ரெண்டா பிரிச்சா ரெண்டு பேருக்கும் பத்தாது. தம்பி குடிக்கட்டும்."

பெரிய வள்ளல்!

கோடைதோறும் அந்தக் கிணற்றில் இறங்கித் தூர் எடுத்தவர் அப்பா. நீர் அடியிலிருந்து வருவதில்லை, எங்கள் பக்கத்துச் செங்கல் இடுக்குகளில்தான் கசிகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சித்தப்பா ஒருநாளும் இறங்கியதில்லை. பாசியைக் கண்டு முகம் சுளித்தார். கோடையில் தண்ணீரை இறைத்துவிட்டு, உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசச் சொன்னார். தயங்கிய கொத்தனாரிடம், "சொன்னதைச் செய்யுங்க" என்றார். அப்பா வெளியூர் போயிருந்தார். நான் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

மழைக்காலம் வந்தும் கிணறு ஊறவில்லை. சித்தப்பா போர் போட்டார். உப்பு. மார்பிளில் வெள்ளை பூத்தது. இனி அப்பா சொல்ல ஒரு சாக்கும் இல்லை. மதிலை ஒட்டி எங்கள் பக்கம் கிணறு வெட்டி உறை இறக்கினோம். அங்கே அடைபட்ட ஊற்று முழுவதும் இங்கே வந்து சேர்ந்தது.

மகளைப் பெண் பார்க்க வரும் நாளன்று சித்தி பட்டுச் சேலையோடும் குடத்தோடும் எங்கள் கொல்லையில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். எங்க தண்ணியில காப்பி போட்டா பால் திரிஞ்சு போவுதும்மா. ஒரு குடம் போதும்."

அம்மா கயிற்றை எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"தெருக்குழாய் இருக்கே சித்தி, அதுல புடிச்சுக்கக் கூடாதா? இங்க மண்தரை. ஈரமானா உங்க பட்டு பாழாயிடும்."

"பாவம்டி, குடுத்துத் தொலை" என்றாள் அம்மா.

"நீ நின்ன இடத்துல அவங்களும் நிக்கட்டும்."

சித்தி போய்க் குழாயடி வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் கண்ணில் படும்படி, வாளி வாளியாக இறைத்து வந்து எங்கள் வாசலைக் கழுவினேன்.