கண்ணாடிக்குள் ஒரு நாற்காலி

ஏணியக்கா என்றால்தான் அந்தத் துணிக்கடையில் எல்லோருக்கும் தெரியும். மேல்தட்டுப் பெட்டியை ஏணி போடாமல் எட்டி எடுக்கிற உயரம். வேலை கேட்டு வந்த அன்று முதலாளி அவளிடம் படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை. அலமாரியைக் காட்டி, "அந்தப் பெட்டிய எடு பாப்போம்" என்றார். எடுத்தாள். மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து நிற்கிறாள். அந்தக் கடையில் விற்பவர்கள் உட்காரக் கூடாது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. உட்கார ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான். மேசையில் கொஞ்சம் சாய்ந்தால் போதும், கேமராவில் பார்த்துவிட்டு முதலாளி தொண்டையைக் கனைப்பார். அவர் கனைப்பது மெத்தை வைத்த நாற்காலியிலிருந்து.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். அவருக்கு உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிற்று, இவளுக்கு நின்று நின்று கால் போயிற்று. இருவரும் ஒரே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, யார் வலி பெரிது என்று சண்டை போடுவார்கள். கெண்டைக்காலில் நரம்பு கயிறு மாதிரி புடைத்துக்கொண்ட பிறகு சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, "நடுநடுவுல உக்காரணும். முடியாதுன்னா இந்த வேலைய விட்டுடுங்க" என்றார்.

மகள் படித்து முடிக்கும்வரை வேலையை விட வழியில்லை. உட்காரக் கேட்கவும் வழியில்லை. முன்பு ஒருத்தி கால் வலி என்று சொன்னதற்கு முதலாளி, "வீட்டுல போய் நல்லா ரெஸ்ட் எடும்மா" என்றார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. அதனால் ஏணியக்கா வலியை வெளியில் காட்டாமல் நின்றாள்.

அப்போதுதான் கடைத்தெருவுக்குக் கலை வந்தது. ஒவ்வொரு கடையும் தெருவைப் பார்த்த கண்ணாடியை ஓர் ஓவியருக்கோ சிற்பிக்கோ கொஞ்ச நாள் விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. மூக்குக்கண்ணாடிக் கடையில் உடைந்த லென்சுகளைக் கோத்து ஒரு பெரிய கண். செருப்புக் கடையில் தேய்ந்த அடிப்பாகங்களை மழைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்கடைக்கு வந்தவள் குட்டை முடி வைத்த ஒரு பெண். உடுப்பு மாட்டிய பொம்மைகளை எல்லாம் வெளியேற்றிவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, நடுவில் ஒரு மர நாற்காலியைப் போட்டாள்.

"இதுல உங்க கடையில வேலை செய்யற ஒருத்தர் உக்காரணும். சும்மா. போன் கூடப் பாக்கக் கூடாது" என்றாள்.

"அவ்வளவுதானா?" என்றார் முதலாளி. நன்றாக விற்கிறவளை அனுப்ப மனசு வரவில்லை. சமீபமாக மெதுவாகிவிட்டவளை அனுப்பினார்.

போனவள் ஏணியக்கா. வேலையை விட்டு அனுப்பத்தான் இந்த முன்னேற்பாடு என்று நினைத்தாள். நாற்காலியின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். முதலாளி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துள்ளி எழுந்தாள்.

"அக்கா, நீங்க எந்திரிச்சா அது வேற ஏதோ ஆயிடுது. நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று அந்தக் கலைக்காரப் பெண் கெஞ்சினாள்.

சாய்ந்தாள். முதுகு பலகையில் பட்டதும் எங்கிருந்தோ ஒரு பெருமூச்சு வந்தது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. வெளியே கூட்டம் சேர்ந்தது. "இதுல என்ன இருக்கு, ஒரு அம்மா உக்காந்திருக்காங்க" என்றார் ஒருவர். ஆனாலும் நின்று பார்த்தார். சட்டைப் பிரிவில் நிற்கும் வாயாடி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னக்கா, உன்மேல இன்னும் விலை ஒட்டலையா?" என்றாள்.

கண்காட்சி நடந்த நாட்களில் ஏணியக்காவின் கால் வீக்கம் வடிந்தது. வீட்டில் தைலம் முழுக்க வீட்டுக்காரருக்கே கிடைத்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. முடிந்த பிறகு பழையபடி நிற்க முடியுமா என்று தெரியவில்லை.

முடிந்தது. கலைக்காரப் பெண் நாற்காலியை எடுக்க வந்தபோது முதலாளி விடவில்லை. கண்ணாடியைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி உள்ளே வந்து துணி வாங்கியிருந்தது. "இது இங்கயே இருக்கட்டும்மா, ஒரு ஞாபகமா" என்று விலை பேசி வாங்கிக்கொண்டார். சுற்றிலும் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதியும் வைத்தார்.

மறுநாள் காலை ஏணியக்கா குழந்தைகள் உடுப்புப் பிரிவில் நின்றாள். மதியத்துக்குள் கெண்டைக்கால் தெறித்தது. யாரும் உட்காராத நாற்காலி கண்ணாடிக்குள் சும்மா கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்குள் அவளுக்கு வந்த முதல் கோபம். போய்க் கயிற்றை அவிழ்த்தாள். உட்கார்ந்தாள். விளிம்பில் அல்ல, நன்றாகச் சாய்ந்து.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். பிறகு எழுந்தே வந்துவிட்டார்.

"எந்திரி. அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே."

"தெரியும் முதலாளி. கால் வலிக்குது. டாக்டர் உக்காரச் சொல்லியிருக்காரு."

அவர் கையை ஓங்கிக்கொண்டு வாயைத் திறந்தார். அப்புறம்தான் தெருவைக் கவனித்தார். கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, அவள் முன்னால் கையை ஓங்கி நிற்கும் ஒருவர். இது போன வாரத்தைவிட நன்றாக இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். முதலாளி ஓங்கிய கையால் தலையைத் தடவிக்கொண்டார். வெளியே பார்த்துச் சிரித்தார். "சரி, இரு" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் மெத்தைக்குத் திரும்பினார்.

ஏணியக்கா எழவில்லை. வலி அடங்கும்வரை இருந்துவிட்டு, உள்ளே திரும்பி வாயாடியைக் கூப்பிட்டாள்.

"நீ வா. நான் கொஞ்சம் நிக்கறேன்."

வாயாடி முதலாளியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் நீட்டிக்கொண்டாள்.