லிப்ட் மெக்கானிக் ஏறிய படிகள்

லிப்ட்டைப் பழுதுபார்த்து, கதவைத் திறந்து மூடிச் சோதித்து, "இனி ஓடும்" என்று சொல்லிவிட்டு, மெக்கானிக் தான் மட்டும் படியேறிப் போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்காரர்களும் அதையேதான் நினைத்தார்கள். "அந்த ஆளே ஏற மாட்டேங்கிறான், நாம ஏறணுமாக்கும்!" என்று கால் வலிக்காரர்கள்கூட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறத் தொடங்கினார்கள்.

உண்மை வேறு. மனிதர் ஒரு காலத்தில் மொடாக்குடியர். சாயங்காலம் வேலை முடிந்தால் கால்கள் தெருமுனை மதுக்கடைக்குத் தாமாகவே போகும். தையல் வேலை பார்க்கும் மனைவி ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் சிகிச்சை முடித்து வந்த பிறகு மகளோடு திரும்பியவள், "இன்னொரு தடவை குடிச்சீங்கன்னா சண்டையெல்லாம் போட மாட்டேன். கிளம்பிடுவேன்" என்றாள். தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும் முன் அவள் முகத்துக்கு நேரே வாயை ஊதிக் காட்டுவது அவர்களுக்குள் ஏற்பாடு.

மருத்துவர் மாத்திரை கொடுத்தார், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாராவாரம் வரச் சொன்னார். கூடவே, "அந்த நேரம் வந்தா சும்மா உட்காராதீங்க. ஆசை வந்த மாதிரியே போயிடும். அதுவரைக்கும் காலுக்கு வேலை குடுங்க" என்றார். கையருகே இருந்தது, தினமும் வேலைக்கு வரும் இந்தக் கட்டடத்து மாடிப்படிதான். முதலில் மூன்றாம் மாடியிலேயே நாக்குத் தள்ளியது. அங்கேயே உட்கார்ந்து மருத்துவரை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் மறுநாளும் ஏறினார். அந்தப் பிடிவாதத்துக்கே அவரைக் கும்பிடலாம். போகப் போக இரவில் தூக்கம் வந்தது, கை நடுக்கம் குறைந்தது, தொட்டதற்கெல்லாம் எரிந்துவிழுந்த மனசு கொஞ்சம் லேசானது. உச்சி மாடி மோட்டார் அறை வாசலில் வியர்த்து நிற்கும்போது, மகளின் எதிர்காலத்தைப் பற்றி நினைக்கக்கூடத் துணிவு வந்தது.

வதந்தி குடியிருப்போர் சங்கச் செயலாளர் காதுக்கும் போனது. "நாளையிலேருந்து நீங்க லிப்ட்லதான் போகணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். குடிகாரனிடம் யார் லிப்ட்டை ஒப்படைப்பார்கள்? அந்தப் பயத்தில் இவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் லிப்ட்டில் இறங்கித் தெருவுக்கு வந்தார். களைக்காத கால்கள் பழைய பக்கமே திரும்பின. கடை விளக்கு தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மனைவிக்குப் போன் போட்டார்.

"நான் தெருமுனையில நிக்கிறேன்."

"அங்கேயே நில்லுங்க, வந்துடறேன்."

கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள். திட்டவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்து நேரே கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். லிப்ட் வாசலில் செயலாளர் நின்றிருந்தார், பக்கத்தில் நாலைந்து பேர்.

"சார், லிப்ட்ல ஒரு கோளாறும் இல்லை" என்றார் மெக்கானிக். "கோளாறு எனக்குத்தான். குடிச்சுச் சீரழிஞ்சவன் நான். இந்தப் படி ஏறித்தான் குடிக்காம இருக்கேன்."

மனைவி லிப்ட் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றாள்.

"இவர் கைபட்ட லிப்ட்டு. நான் இதுலயே போறேன். நீங்க படியில வாங்க, மேல நிக்கிறேன்" என்று பொத்தானை அழுத்தப் போனாள்.

"கொஞ்சம் இரும்மா" என்று கால் வலிக்காரர் ஒருவரும் உள்ளே ஏறினார். செயலாளர் நகர்ந்து, மெக்கானிக்குக்குப் படிக்கட்டுப் பக்கம் வழிவிட்டார்.

உச்சி மாடியில் அவள் காத்திருந்தாள். இரைக்க இரைக்க ஏறி வந்தவர், வழக்கப்படி வாயை ஊதிக் காட்ட அவள் முகத்தருகே குனிந்தார்.

"ஊத வேணாம்" என்றாள். "முதல்ல மூச்சு வாங்குங்க."