நல்லவனாக இருக்கிறான்… அதுதான் சந்தேகம்!

போன சனிக்கிழமை. ஹொல்ம்லியா போகும் ரயிலில் ஏறி உட்காரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. வசந்தி அக்கா!

"அவன்தான் ஆள். எனக்கு இப்ப நூறு வீதம் தெரியும்."

நோர்வே ரயிலில் யார் வாய் திறக்கிறார்கள்? நான் குரலைத் தாழ்த்தி, "ஆர் அக்கா?" என்றேன்.

"மயூரியின்ரை மேலதிகாரி. அளவுக்கு மிஞ்சின நல்லவனா இருக்கிறான்!"

விஷயம் இதுதான். வசந்தி அக்கா எங்கள் பக்கத்து வீடு. முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள் மயூரி, போலீஸ் படிப்பை முடித்து, ஜனவரியில் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் ஒரு சின்ன ஊருக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். ஆர்க்டிக்! குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டியே பார்க்காது. பிள்ளை அங்கே எப்படி இருக்கிறாள் என்று அக்கா யாரைக் கேட்பது?

நூலகத்தைக் கேட்டார். அங்கேதான் வந்தது வினை.

ஈஸ்டர் வந்தால் நோர்வேக்காரர் மலைவீட்டில் தோடம்பழம் உரித்தபடி கொலைக் கதை படிப்பார்கள். பால் பெட்டியில்கூடக் கொலைக் கதை அச்சடித்திருக்கும்! நூலகத்தில் அதற்கென்று தனி மேசை. அதிலிருந்த ஆர்க்டிக் போலீஸ் கதைகள் ஏழையும் அக்கா அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஊரே பொழுதுபோக்குக்குப் படிப்பதை இவர் ஊர் விபரமாகப் படித்தார்.

ஏழிலும் ஒரு மூத்த அதிகாரி வருகிறார். புதிதாக வந்த பெண்ணுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுக்கிறார், கம்பளிச் சட்டை கொடுக்கிறார்… கடைசி அத்தியாயத்தில் கொலைகாரனாகத் துவக்கோடு நிற்பதும் அவரேதான். மயூரியின் மேலதிகாரியும் அவளுக்குக் கம்பளிச் சட்டை கொடுத்தாராம்!

"நீர் எழுதுற ஆள்தானே. கதையிலை நல்லவன் சும்மா வருவானே?"

"அக்கா, அங்கை அவள் பிடிக்கிறதெல்லாம் ஓடிப்போன நாயும், குடிச்சிட்டு ஸ்னோ ஸ்கூட்டர் ஓடுறவையும்தான். அவளே எனக்குச் சொன்னவள்."

"உமக்கு அப்பிடித்தான் சொல்லுவாள்" என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலுக்கு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார். திரையில் மயூரி சிரிசிரி என்று சிரித்தாள். வேலை நல்லம், சனம் நல்லம், சாப்பாடு நல்லம். பார்த்தீர்களா என்று நான் அக்கா பக்கம் திரும்பினேன். அவர் மகளின் முகத்தையே பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த சுவர்த் தட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அந்தக் கறித்தூள் போத்தல்…"

"என்னம்மா?"

"நான் சுத்திவிட்ட டேப் இன்னும் வெட்டேல்லை. மூண்டு மாசமா என்ன சாப்பிடுறாய்?"

மயூரி சிரிப்பதை நிறுத்தினாள்.

"பாண்… சில நேரம் அதுவும் இல்லை" என்றாள். "தனியச் சமைச்சு, தனிய இருந்து சாப்பிட ஏலாமல் கிடக்கு, அம்மா. வேலையை விட்டிட்டு வந்திடுவன் போல இருக்கு. வந்தால், ஏலாமல் ஓடி வந்திட்டாள் எண்டு எல்லாரும் கதைப்பினம்." பிறகு அழுதாள். சீருடை போட்ட பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரி.

எனக்கு வெட்கமாக இருந்தது. வாரா வாரம் அவளோடு போனில் கதைத்தவள் நான். சிரிப்பைக் கேட்டேன், நம்பினேன். மனிதர்களைக் கவனிப்பதுதான் என் தொழிலாம்!

புதன்கிழமை அக்கா வடக்கே பறந்தார். மயூரிக்கு டியூட்டி. விமான நிலையத்துக்கு வந்து பைகளைத் தூக்கியது யார்? அதே மேலதிகாரி!

நேற்று ஒரு படம் வந்தது. மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை. டேப் வெட்டிய தூள் போத்தல். மயூரி வாய் நிறையச் சோற்றோடு இருந்தாள். பக்கத்தில் அந்த மனிதர், அவரே பிடித்துச் சுட்டுக் கொண்டுவந்த மீனோடு.

உடனே போன் எடுத்தேன். "இப்ப நம்புறீங்களே, அக்கா?"

"நல்ல மனிசன்தான். மயூரியும் இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாக்கிறன் எண்டிறாள்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "எண்டாலும், அந்த மீனை முதல் அவனைச் சாப்பிட வைச்சுப் பாத்திட்டுத்தான் நாங்கள் தொட்டனாங்கள்."

தமிழர்கள் விருந்தாளிக்குத்தான் முதலில் பரிமாறுவார்களா என்று கேட்டு, மனிதர் நெகிழ்ந்தே போனாராம்!