பாக்கியத்தைத் தேடி ஏறிய கந்தோர்கள்

கண்டியில் பதிவாளர் கந்தோரின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் அப்பா நின்ற நிலைதான் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு பிறப்புச் சான்றிதழ். அந்த வரிசையில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் சான்றிதழ் எடுப்பதற்காக வந்திருந்தார்கள். அப்பா மட்டும் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்ததும் உறையோடு அதை உள்ளே நீட்டினார். உள்ளே முக்காடு போட்ட நடுவயது அம்மா ஒருவர் இருந்தார். வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு ஐயா. பேர்ல பிழையும் இல்ல. என்ன திருத்தணும்?"

"திருத்த ஒண்ணும் இல்லீங்க. இந்தப் புள்ளய தேடணும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் குனிந்து, சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன். அவர் சான்றிதழை மறுபடி உறைக்குள் போட்டார், மடங்காமல், மெதுவாக. "இங்க கடதாசியத்தான் தேடிக் குடுக்கலாம். ஆளத் தேட ஏலாதே ஐயா" என்றார். அதில் ஏளனம் எதுவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அவர் எங்களை விலகச் சொல்லவில்லை.

அந்தச் சான்றிதழ் என் அக்காவுடையது. இந்தக் குறிப்பில் வேறு யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அவள் பெயரை மட்டும் எழுதுகிறேன். பாக்கியம். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். யாராவது எங்காவது இதைப் படித்து அந்தப் பெயரைத் தெரியும் என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசைதான் காரணம்.

அக்காவின் முகம் எனக்கு நினைவில்லை. அவள் எனக்குத் தலை சீவிவிடும்போது காதுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்து கூசியது மட்டும் நினைவிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்காத வயது. அந்த வருடம் அப்பா மலைச்சரிவில் கொழுந்து மூட்டையோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். அம்மாவால் மலைக்குப் போக முடியவில்லை. அப்போது மேல் லயத்தில் இருந்த ஒரு மாமி, கண்டி டவுனில் நல்ல இடம் இருக்கிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலைதான், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்கள் என்றாள். அக்காவுக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. இருந்த நல்ல கவுனைப் போட்டு, கலஹா வழியாகப் போகும் பஸ்ஸில் அந்த மாமி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். லயத்து வாசலில் நின்று அம்மா அழுதாளா என்று பிற்காலத்தில் கேட்டேன். "அழுவறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கால் சரியானதும் அப்பா பார்க்கப் போனார். கண்டிக் குளத்துக்கு மேலே ஏறும் மலைவீதி ஒன்றில், மதில் வைத்த பெரிய வீடு. முன்வாசலால் போகக்கூடாது, பின்பக்கம் சமையல்கட்டுக்கு, குசினிக்கு, ஏறும் படியில் உட்கார வேண்டும். அக்கா வந்து எதிரில் நிற்பாள். முதல் முறை அழுதாளாம். அடுத்தடுத்த முறைகளில் அழவில்லையாம். ஒருமுறை அப்பா கேட்டதற்குச் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு, பிறகு யோசித்துத் தமிழில் சொன்னாளாம். அந்த வீட்டில் யாரும் அவளைப் பாக்கியம் என்று கூப்பிடவில்லை. உள்ளே இருந்து எசமானி நோனா "மாலா" என்று கூப்பிட்டதும் அவள் திரும்பி ஓடியதை அப்பா பார்த்திருக்கிறார். அது கூப்பிட வசதிக்காக வைத்த பெயரா, எங்காவது எழுதியும் வைத்த பெயரா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு நாள் போனபோது கேட் பூட்டியிருந்தது. அந்த வீட்டு ஐயாவுக்கு வேலையில் மாற்றம் கிடைத்துவிட்டது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. இடம் பார்த்துக் கொடுத்த மாமியும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தாள். அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனார். என்னவோ எழுதினார்கள். அப்பா கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது; சிங்களத்தில் இருந்தது.

நான் படித்து, ஆசிரியையாகி, கண்டிக்கு அருகில் ஒரு பாடசாலையில் வேலைக்கு வந்தேன். அம்மா இறந்த பிறகு அப்பா சில நாட்கள் என்னோடு வந்து தங்கினார். அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார். "நீ சிங்களமும் படிச்சவ, இங்கிலீசும் படிச்சவ. ஒனக்கு எல்லா கந்தோரும் தெரியும். பெரிய புள்ளய ஒருக்கா கேட்டுப் பாரேன்" என்றார். படித்தவர்கள் கேட்டால் கந்தோர்களில் எல்லாம் கிடைத்துவிடும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதைப் பொய்யாக்குவதுதான் என் வேலையாகப் போகிறது என்று எனக்கும் அன்று தெரியாது.

பொலிஸ் நிலையத்தில் அவ்வளவு பழைய முறைப்பாட்டுப் புத்தகங்கள் இல்லை. மலைவீதி வீடு இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. அங்கே வேலை செய்த பெடியனுக்கு நாங்கள் யாரைக் கேட்கிறோம் என்பதே விளங்கவில்லை. அப்பா மதிலோரமாகப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். குசினிப் படியை இடித்து அங்கே வாகனம் நிறுத்தும் இடம் கட்டியிருந்தார்கள். அந்தப் பகுதிக் கிராம சேவகர் பொறுமையான மனிதர். பழைய வாக்காளர் இடாப்பைத் தேடி எடுத்து வீட்டு இலக்கத்தைக் காட்டினார். ஐயா, நோனா, ஐயாவின் தாயார். அவ்வளவுதான். வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் வாக்காளர்கள் இல்லையே, அவர்களை யார் எழுதப் போகிறார்கள் என்றார் சிங்களத்தில். நான் அதை அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இல்லையாமா?" என்று மட்டும் கேட்டார்.

இடாப்பில் கிடைத்த ஐயாவின் பெயர் நாட்டில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கக்கூடிய பெயர். அவருடைய சொந்த ஊர் தெல்தெனிய என்று அந்தக் காலத்தில் குசினியில் சொல்லக் கேட்டதாக அப்பாவுக்கு ஒரு ஞாபகம். தெல்தெனியவுக்கும் போனோம். பழைய டவுன் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது, அங்கிருந்த குடும்பங்கள் நாலா பக்கமும் சிதறிவிட்டன, எந்தக் குடும்பத்தைக் கேட்கிறீர்கள் என்றார்கள். திரும்பி வரும்போது அப்பா பஸ் ஜன்னலால் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். 

பதிவாளர் கந்தோர் அம்மாதான் பிறகு ஒரு வழி சொன்னார். கலியாணம் முடித்திருந்தால் திருமணப் பதிவு இருக்கும், அதில் தகப்பன் பெயரும் இருக்கும், விண்ணப்பம் போட்டுப் பாருங்கள் என்றார். மாலா என்று தேட அந்தப் பெயரைத் தவிர எங்களிடம் வேறு விவரம் எதுவும் இல்லாததால் பாக்கியம் என்றே போட்டோம். பல மாதங்கள் கழித்து ஒரு பதிவு கிடைத்தது. பாக்கியம், தகப்பன் பெயர் அப்பாவின் பெயரேதான், வயதும் ஏறக்குறையப் பொருந்தியது. விலாசம் பல்லேகல பக்கம். அப்பா அன்று காலையிலேயே குளித்து, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வழியில் ஒரு கடையில் மஸ்கட் இனிப்பு வாங்கச் சொன்னார். "சின்னதுல அதத்தான் கேப்பா."

கதவைத் திறந்த பெண் ஆடைத் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தாள், வேலைக்குப் புறப்படும் நேரம். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே அப்பா மெல்ல, "இல்ல" என்றார். ஆனாலும் நான் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். தன் தாயும் தகப்பனும் கீழ்வீட்டில்தான் இருக்கிறார்கள், தான் ஒரு நாளும் வேறு வீட்டில் நின்றதில்லை என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. கதிரையை இழுத்துப் போட்டு, "நான் ஒங்க மக இல்லீங்கப்பா. ஆனா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வேலைக்குப் பிந்திவிடும் என்று தெரிந்தும் அவள் அடுப்பை மூட்டினாள். அப்பா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மஸ்கட் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். "வச்சுக்கம்மா. ஒன் பேரும் பாக்கியந்தானே."

அதற்குப் பிறகு அவர் என்னைத் தேடச் சொல்லவில்லை. தேடுகிறாயா என்றும் கேட்கவில்லை. நான் மட்டும் தெரிந்தவர்கள் மூலம் அங்கும் இங்கும் விசாரித்துக்கொண்டிருந்தேன். எதுவும் வரவில்லை. வருவதற்கு வழியும் இல்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. அவள் உயிரோடு இருந்தால் வேறு பெயரில், வேறு மொழியில், ஒருவேளை வேறு தகப்பன் பெயரோடு எங்கோ எழுதப்பட்டிருப்பாள். எங்களைத் தேடி வர அவளுக்குத் தோட்டத்தின் பெயராவது நினைவிருக்குமா என்பதும் தெரியாது.

இந்த வருடம் மழைக்காலத்தில் அப்பா தோட்டத்திலேயே, தம்பி வீட்டில் இறந்தார். வானொலியில் மரண அறிவித்தல் கொடுக்கத் தம்பி தொலைபேசியை என்னிடம் தந்தான். "மூணு பேரு பேரையும் போடு" என்றான். அக்காவை அவன் கண்ணால் கண்டதே இல்லை. மறுமுனையில் இருந்தவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். "பாக்கியம்" என்றதும், "இவங்க உயிரோட இருக்காங்களா, காலஞ்சென்றவங்களா? அதுக்கேத்த மாதிரி வாசிக்கணும்" என்றார். அவர் கேட்டது வழக்கமான கேள்விதான்.  அவர் இரண்டு தரம் "ஹலோ" என்றார். தம்பி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, "இருக்காங்க. இருக்காங்கன்னே வாசிங்க" என்றான்.

மறுநாள் பகல் பெட்டியைத் தூக்கும் நேரம் வந்துவிட்டது. மேலே மலை இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் மயானப் பாதையில் இறங்க முடியாது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். தம்பி பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "கண்டி பஸ் ஒண்ணு வரணும். அது வந்து போகட்டும்" என்றான். யார் வரவேண்டியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. லயமே காலையில் வானொலியைக் கேட்டிருந்தது.

பஸ் வந்தது. ஒருவர் உர மூட்டையோடு இறங்கினார். குடையை விரித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் கீழ்ப் பாதையில் பன்சாலைப் பக்கமாக, பௌத்த விகாரையை நோக்கித் திரும்பிப் போனாள். நான் தம்பியைப் பார்த்தேன். பஸ் திரும்பிப் புறப்படும்வரை அவன் வீதியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான்.